முன்னேற்பாடு குடிபுகுந்த காடு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது, கரடி இருந்தது, வாய் ஓயாத கிளி ஒன்றும் இருந்தது. ஒரு காட்டுக்கு வேண்டியது எல்லாமே இருந்தது. முன்னேற்பாடு என்ற சொல் மட்டும் இல்லை.

சொல் இல்லையே தவிர, காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் காடு பள்ளத்தில் கிடந்தது. நடுவே ஓர் ஆறு. ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த ஆறு கரையை மதிக்காது. அதனால் புரட்டாசியிலேயே ஆளாளுக்கு மொட்டைமேட்டுக்குப் போய் ஆகவேண்டியதைப் பார்த்துவிடுவார்கள். முயல்கள் கோடையில் தூர்ந்துபோன வளைகளைத் தோண்டித் திறக்கும். கரடி பாறையிடுக்கில் குடியேறிய வௌவால்களை விரட்டும். ராஜா சிங்கராயர்கூட மழைக்காலக் குகையின் வாசலில் சரிந்த மண்ணைத் தானே தள்ளுவார். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை. மழை வரும், மேட்டில் இடம் வேண்டும், அவ்வளவுதான். பெயர் வைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டது பரமானந்தம் என்ற நரி.

பரமானந்தம் கோழி விஷயமாக அடிக்கடி ஊர்ப்பக்கம் போய்வருகிறவர். ஓர் ஆவணி மாதம் அப்படிப் போனபோது, ஆற்றங்கரையில் ஒரு ஜீப் நின்றிருந்தது. அதன் தலையில் ஒலிபெருக்கி. "வெள்ளத்தை எதிர்கொள்ள முன்னேற்பாடுகள் முழுவீச்சில் நடைபெற்று வருகின்றன!" என்று அது முழங்கியது. பரமானந்தம் புதருக்குள்ளிருந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஜீப்பைச் சுற்றி நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வடையைப் பிய்த்து எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். வேறு எதுவும் நடைபெற்று வருவதாகத் தெரியவில்லை.

பரமானந்தத்துக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு வேலையும் செய்யாமல் அதை முழுவீச்சில் நடத்துவதற்கு மனிதர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்! அன்றைக்குக் கோழியைக்கூட மறந்துவிட்டு, சொல்லைக் கவ்விக்கொண்டு காட்டுக்குத் திரும்பினார்.

"மகாராஜா, நம்ம காட்டுல முன்னேற்பாடு இல்லீங்க" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அப்படின்னா என்னய்யா?" என்றார் சிங்கராயர்.

"அதுகூட நமக்குத் தெரியல பாத்தீங்களா. அந்த நெலமையில இருக்கோம்."

சிங்கராயருக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனை காலம் ராஜாவாக இருந்தும் தன் ராஜ்யத்தில் இல்லாத ஒன்று இருக்கிறதே என்று வருந்தினார். உடனே முன்னேற்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், பரமானந்தம். உறுப்பினர், கோதண்டம் என்ற கரடி. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார் என்பதால் அந்தப் பதவிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் காட்டில் இல்லை. அறிவிப்பாளர், சொர்ணம் என்ற கிளி.

குழு முதல் வேலையாகச் சொல்லுக்குப் பொருள் வகுத்தது. மறுநாள் காலை சொர்ணம் மரத்துக்கு மரம் தாவி அதை அறிவித்தது.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! முன்னேற்பாடு என்பது குழு செய்வது! குழு செய்யாதது முன்னேற்பாடு ஆகாது! ஆளாளுக்கு மேட்டில் போய்ப் பள்ளம் பறிப்பது காட்டின் ஒழுங்குக்குக் கேடு! வளை வேண்டுவோர் ஆலமரத்தடியில் வரிசையில் நின்று அனுமதி பெறவும்!"

காட்டில் யாரும் இதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவானேன்? புரட்டாசி வெயிலில் மண் தோண்டுவது யாருக்கு இனிக்கிறது? இனி எல்லாவற்றையும் குழு பார்த்துக்கொள்ளும் என்றதும் முயல்கள் நகத்தைக் கழுவிக்கொண்டு நிழலில் படுத்துவிட்டன. சிங்கராயர் குகைப்பக்கமே போகவில்லை. முன்னேற்பாடு என்ற சொல் காட்டுக்குள் வந்த அன்றைக்கு, அந்தக் காரியம் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஆனால் சொல்லுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. வாயைத் திறந்தால் அதுதான். வழியில் இரண்டு மான்கள் சந்தித்துக்கொண்டால், "முன்னேற்பாடெல்லாம் எப்படிப் போகுது?" என்று ஒன்று கேட்கும். "போய்க்கிட்டிருக்கு" என்று மற்றது சொல்லும். எங்கே போகிறது என்று இரண்டுமே கேட்காது. கோதண்டம் அடுத்தவர் மரத்துத் தேனடையை வழித்துத் தின்றுவிட்டு, "பின்னாடி கிடைக்காமப் போயிட்டா? முன்னேற்பாடாத்தான் சாப்பிட்டேன்" என்றார். கொக்கு ஒன்று சம்சாரத்திடம் திட்டு வாங்கப்போவது தெரிந்து, முன்னேற்பாடாக அவளை முந்திக்கொண்டு திட்டியது. முட்டையிலிருந்து வெளியே வந்த காடைக் குஞ்சு முதல் முதலாகப் பேசிய வார்த்தையே அதுதான் என்று அதன் அம்மா பெருமையடித்துக்கொண்டாள். அது வெறுமனே தும்மியது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.

இப்படிக் காடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்தி. சீரங்காயி என்ற முள்ளம்பன்றி. அவள் மடியில் அப்போது பொட்டு என்று ஒரு குட்டி. பிறந்து சில நாட்களே ஆகியிருந்தது. முதுகு முள் இன்னும் மயிராகத்தான் இருந்தது. ஆற்றோரத்து வளையில் அதைப் போட்டுக்கொண்டு படுத்தாலே ஈரம் ஏறி, இருமத் தொடங்கிவிடும். ஐப்பசிக்குள் மேட்டில் காய்ந்த இடம் ஒன்று கிடைக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். மற்றபடி அவளுக்கு முன்னேற்பாடும் தெரியாது, பின்னேற்பாடும் தெரியாது.

புருஷன் இருந்தார். பெயர் சின்னான். சொல் வருவதற்கு முன்னால் கூப்பிட்ட குரலுக்கு மண் தள்ள வருகிறவர்தான். இப்போது குழுவில் தொண்டராகச் சேர்ந்து, நெஞ்சில் ஒரு பூவரசு இலையைக் குத்திக்கொண்டு திரிந்தார்.

"ஏங்க, மேட்டுக்குப் போயி நாலு கை மண்ணு தள்ளிட்டு வந்துடலாமா?"

"ஏ புள்ள, ஒனக்கு விவரமே பத்தாது. நானே முன்னேற்பாட்டுல இருக்கேன். என் பொண்டாட்டி போயி மண்ணத் தோண்டினா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"பிள்ள இருமுதுங்க."

"கூட்டத்துல சொல்றேன்" என்றார் சின்னான், இலையைச் சரிசெய்துகொண்டே.

சீரங்காயி பொட்டுவைத் தூக்கிக்கொண்டு ஆலமரத்தடி வரிசையில் போய் நின்றாள். வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தது. முன்னால் நின்றதே ஓர் ஆமைதான், அதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒருவழியாக அவள் முறை வந்தபோது, மரத்தடியில் கோதண்டம் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"மேட்டுல வளை தோண்டிக்கணும் மாமா. மழைக்கு முன்னாடி."

"நீ வெள்ளத்துல பாதிக்கப்பட்டவளா?"

"இன்னும் மழையே வரலியே மாமா."

"அப்ப எந்தக் கணக்குல ஒனக்கு அனுமதி குடுக்கிறது?" கோதண்டம் உண்மையாகவே குழம்பிப்போனார். "மழை வரட்டும். வெள்ளம் வரட்டும். நல்லா பாதிக்கப்பட்டுட்டு வா. கைக்கொழந்தைக்காரி வேற. ஒனக்குத்தான் மொத இடம்."

"அதுக்குள்ள பிள்ளை செத்துப்போயிட்டா?"

"அப்படி ஆனா தனி வரிசை" என்றார் கோதண்டம், பாவம், ஆறுதலாக.

சீரங்காயிக்கு வந்த கோபத்தில் முதுகு முள்ளெல்லாம் விறைத்து நின்றது. பின்னால் நின்ற முயல் பயந்துபோய் வரிசையையே விட்டு ஓடிவிட்டது. அவள் நேராக மொட்டைமேட்டுக்குப் போனாள். மேட்டின் வடபுறத்தில் வேர்பிடித்த பெரிய பாறை ஒன்று இருந்தது. அதன் அடியில் தோண்டினால் கூரை சரியாது. ஒருமுறை உழைத்துவிட்டால் பொட்டுவின் பிள்ளைகள்வரை பயமில்லாமல் இருக்கலாம். பொட்டுவை ஒரு நிழலில் படுக்கவைத்துவிட்டுக் கையைப் போட்டாள்.

மண் இறுகிக் கிடந்தது. முதல் இரண்டு நாளும் நகம்தான் தேய்ந்தது. அதன்பிறகு வழி விட்டது. உள்ளே அகலமாக ஓர் அறை, அதற்குள் மேடாக ஒரு திட்டு, தண்ணீர் உள்ளே வராதபடி வாசலில் ஓர் ஏற்றம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. "ஏன்டி இப்படி உசுர விடுறே? அதான் குழு இருக்கே" என்று மான்கள் அனுதாபப்பட்டன. "அவளுக்குக் குழுமேல நம்பிக்கை இல்ல" என்று சொர்ணம் கிளப்பிவிட்டது. சின்னான் அந்தப் பக்கம் வந்தால் தெரியாதவர்போலப் போனார்.

கடைசியில் பரமானந்தமே வந்தார். மூக்கை உள்ளே நீட்டி, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா சீரங்காயி, அனுமதி இல்லாம இப்படித் தோண்டறது தப்பில்லையா?"

"தப்புதான் அண்ணே. முடிச்சிட்டு நிறுத்திடறேன்."

"கொஞ்சம் அகலமாவே தோண்டியிருக்கியே."

"பிள்ளை ஓடி விளையாட வேணாமா?"

"நல்லது, நல்லது" என்றார் பரமானந்தம். அவ்வளவு சுலபமாக அவர் விட்டுவிட்டதில் சீரங்காயிக்கே ஆச்சரியம். தன் முள்ளைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நல்லவர்களுக்கு இந்த ஒரு குறை உண்டு. அடுத்தவர் ஏன் சும்மா இருக்கிறார் என்று யோசிக்கமாட்டார்கள்.

ஐப்பசி நெருங்கியது. குழு இதுவரை என்ன செய்தது என்று சிங்கராயர் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். பரமானந்தம் அசரவில்லை. "ஒத்திகை வச்சிருக்கோம் மகாராஜா" என்றார். வெள்ளம் வந்தால் எப்படித் தப்பிப்பது என்று எல்லோரும் நடித்துக் காட்டுவார்கள். நன்றாகத் தப்பித்தவர்களுக்கு ராஜா கையால் பரிசு. இடம், ஆற்றங்கரை மணல்திட்டு. அங்கேதான் பார்வையாளர்கள் உட்கார வசதி.

அந்த மாதிரி ஒரு விழாவைக் காடு கண்டதில்லை. காலையிலிருந்தே கூட்டம் மொய்த்தது. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வெள்ளமாக நடித்தவர் கோதண்டம். "ஓ" என்று கத்திக்கொண்டு, கைகளை விரித்து, வயிறு குலுங்க மணலில் உருண்டு வந்தார். முயல்கள் அவர்முன் வரிசையாக மூழ்கின. மான்கள் "காப்பாத்துங்க" என்று ராகம் போட்டு அழுதன. சின்னான் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முயல்களைக் கரைசேர்த்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. மயில் நடுவில் ஒரு நடனமும் ஆடியது. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை, விழா என்றால் மயில் ஆடும்.

மதியத்துக்கு மேல் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தபோது கூட்டம் ஆரவாரம் செய்தது.

"மழையக்கூட ஏற்பாடு பண்ணிட்டாங்கப்பா!"

மழை வலுத்தது. மலைமேல் எப்போதோ பெய்த மழையும் சேர்ந்து ஆற்றில் செந்நீர் இறங்கியது. மணல்திட்டின் ஓரம் கரைந்தது.

"பரமானந்தம், என் கால் நனையுதே" என்றார் சிங்கராயர்.

"அசலா இருக்கட்டும்னுதான் மகாராஜா" என்றார் பரமானந்தம். அவர் பேச்சில் குறையில்லை. கால்கள் மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன.

"வெள்ளம் வருவது போலப் பாவனை செய்யவும்! வெள்ளம் வருவது போலப் பாவனை செய்யவும்!" என்று சொர்ணம் கூவியது. மூழ்கிக்கொண்டிருந்த முயல் ஒன்று தலையைத் தூக்கி, "என் வாய்க்குள்ள நிஜமாவே தண்ணி போவுதுங்க" என்று புகார் சொன்னது. அப்போது தோரணக் கம்பம் சாய்ந்து, ராஜாவின் ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றோடு போனது.

அதற்குமேல் யாரும் நடிக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இதில் ஒரு விசேஷம். யாரும் யாரிடமும் வழி கேட்கவில்லை, யாரும் திசை தெரியாமல் முழிக்கவில்லை. காடு மொத்தமும் ஒரே கோடு பிடித்ததுபோல மொட்டைமேட்டின் வடபுறம், வேர்பிடித்த பாறையை நோக்கி ஓடியது.

சீரங்காயி அப்போதுதான் பொட்டுவைத் திட்டில் படுக்கவைத்து, நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்தாள். முதலில் முயல்கள் வந்து விழுந்தன. பிறகு மான்கள். பிறகு சொட்டச் சொட்ட மகாராஜா. பிறகு கோதண்டம் வாசலில் சிக்கி, நாலு பேர் இழுத்து, தோல் உரிந்து உள்ளே வந்தார். வராதே என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாம் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே. "கொஞ்சம் பாத்து உக்காருங்க, கொழந்த தூங்குது" என்று மட்டும் சொன்னாள்.

சற்று நேரத்தில் "ஆ!" என்று ஒரு மான் அலறியது. முள் குத்திவிட்டது. அடுத்து ஒரு முயல். அடுத்து, மன்னிக்கவே முடியாத இடத்தில், மகாராஜா.

பரமானந்தம் தொண்டையைச் செருமினார். "இங்கே எல்லாரும் ஒண்ணா இருக்கறதால, குழுக் கூட்டத்தை இப்பவே கூட்டிடறேன். உள்ள இருக்கறவங்க பாதுகாப்பு முக்கியம். முள்ளு இருக்கறவங்க கொஞ்சம் வெளிய நின்னா எல்லாருக்கும் சௌகரியம். கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் தூங்குகிற பிள்ளைக்கு மேலாக உயர்ந்தன. தன் வளையில், தன் நகம் தேயத் தோண்டிய அறையில், கை தூக்காதவள் சீரங்காயி ஒருத்திதான்.

"பொட்டு?" என்றாள்.

"அதுக்கு இன்னும் முள்ளு வரல, உள்ளயே இருக்கட்டும். சட்டம்னா இரக்கமும் வேணுமில்லையா?" என்றார் பரமானந்தம்.

சிங்கராயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மழை சீக்கிரம் விட்டுடும் சீரங்காயி" என்றார்.

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே சின்னானும் வந்தார். அவருக்கும் முள் உண்டு என்பது அப்போதுதான் எல்லோருக்கும், முக்கியமாக அவருக்கே, ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் வாசலை அடைத்தாற்போல உட்கார்ந்து, சாரல் உள்ளே போகாமல் முதுகைக் காட்டினார்கள். சின்னான் நெஞ்சிலிருந்த இலையைப் பிய்த்து எறிந்தார்.

"தப்பு பண்ணிட்டேன் புள்ள" என்றார்.

"அத அப்புறம் பேசிக்கலாம். இந்தப் பக்கம் நகருங்க, தண்ணி உள்ள போவுது."

உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன. சீரங்காயி திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "நரியண்ணே! ஒங்க முன்னேற்பாடு என்னாச்சு அண்ணே?"

பரமானந்தம் தலையை நீட்டினார். அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே அவளுக்கு விளக்கவேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

"இதுதாம்மா அது. நீ சும்மா இருக்கமாட்டேன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும். ஒன் வளை எங்க இருக்கு, எத்தன பேரு கொள்ளும், எல்லாம் பாத்து வச்சிக்கிட்டோம். முன்னேற்பாடுன்னா வேற என்னன்னு நெனச்சே? எவ தோண்டறாளோ அவ வீட்டுக்கு வழி தெரிஞ்சு வச்சிக்கறது."

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த வார்த்தை சீரங்காயி மனதில் அப்படியே தங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பொட்டு இருமல்கூட இல்லாமல் கரடியின் வயிற்றுச் சூட்டில் தூங்கி எழுந்தது. அதுவரை நிம்மதி. பிறகு பாராட்டு விழா நடந்தது. ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல் வெள்ளத்தை வென்ற குழுவுக்குச் சிங்கராயர் மாலை போட்டார். பரமானந்தத்தின் பேச்சில் 'அயராத உழைப்பு' என்று அடிக்கடி வந்தது. முன்னேற்பாட்டுக்கு ஒரு நினைவுத்தூண் நடவேண்டும் என்று முடிவாகி, அதற்கு உகந்த இடத்தையும் குழுவே தேர்ந்தெடுத்தது. வெற்றி எங்கே கிடைத்ததோ அங்கேதானே தூண்? சீரங்காயி வளையின் உச்சியில், ஆற்றிலிருந்து உருட்டிவந்த பெருங்கல்லைக் கோதண்டமும் காட்டெருமைகளும் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

சீரங்காயி கிழங்கு தோண்டப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தூண் பாதிதான் தெரிந்தது. மீதி அவள் வளைக்குள் இருந்தது. பாறை விலகி, கூரை இறங்கி, பொட்டுவின் பிள்ளைகள்வரை இருக்கும் என்று அவள் கட்டிய அறை மண்ணோடு மண்ணாகிவிட்டது. நல்லவேளை, பொட்டும் அப்போது அவளோடு போயிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காட்டெருமைகள் சங்கடப்பட்டு, "தூணு நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன.

அடுத்த வருஷம் ஆவணி வந்தது. காடு வழக்கம்போல நிழலில் படுத்திருந்தது. புரட்டாசி பிறந்தது. மொட்டைமேட்டில் மண் தள்ளும் சத்தம் கேட்கவில்லை.

முதலில் யாரும் பதறவில்லை. பிறகு கோதண்டம் தற்செயலாக வருவதுபோல வந்தார்.

"என்ன சீரங்காயி, இந்த வருஷம் வேலை ஆரம்பிக்கலியா?"

அவள் ஒரு மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன வேலை மாமா?"

"அதான், மழை வருதே."

"நான் முன்னேற்பாடு பண்ணிட்டேனே."

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. "அப்படியா! எங்க? எந்தப் பக்கம்?"

"ஒங்க பாறையிடுக்கு எங்க இருக்குன்னு தெரியும். மகாராஜா குகை தெரியும். நரியண்ணன் குழி தெரியும். எல்லாத்துக்கும் வழி பாத்து வச்சிட்டேன். அவ்வளவுதானே மாமா முன்னேற்பாடு?"

கோதண்டம் அவளைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பாறையிடுக்கில் இரண்டு வருஷத்து வௌவால்கள் குடும்பம் நடத்துவது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக வேகமாகப் போனார்.

சேதி பரவியது. அன்று முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவளைக் கெஞ்சினார்கள். மான்கள் கண்ணீர்விட்டன. பரமானந்தம் கோழிக்கால் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "நான் ஏதோ வேடிக்கையா சொன்னதுமா அது" என்றார். அவள் கிழங்கு தின்கிறவள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் எல்லோருக்கும் சிரித்த முகமாக ஒரே பதிலைச் சொன்னாள்.

அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கை அரித்தது. மேகம் ஒன்று கறுத்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. பொட்டு வளர்ந்துவிட்டாலும் இருமல் இன்னும் விட்டபாடில்லை. 'பிள்ளையை வைத்துச் சூதாடுகிறோமோ' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சின்னான் ஒருநாள் தாங்கமாட்டாமல் எழுந்து, "நானாவது போயி ஒரு சின்ன வளையா..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க" என்றாள்.

"பிள்ளைய நெனைச்சுப் பாரு, புள்ள!"

"பிள்ளைக்காகத்தான் சொல்றேன். நாம கைய வச்சோம்னா அவங்க எல்லாரும் கைய எடுத்துடுவாங்க. பல்லக் கடிச்சிட்டு உக்காருங்க."

இரண்டு பேரும் உள்ளங்கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் விடியலில் மேட்டுப்பக்கம் 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டது. முயல்கள்தான் முதலில் தோற்றன. பிறகு மான்கள் மண் தள்ளின. கோதண்டம் வௌவால்களோடு சண்டைபோட்டு முகமெல்லாம் கீறலோடு நின்றார். பரமானந்தம் தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொண்டார். தோண்டுகிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. குழுவைக் கூட்ட ஆள் கிடைக்கவில்லை. சொர்ணம் அறிவிக்க ஒன்றும் இல்லாமல், வாயில் குச்சி கவ்விக்கொண்டு தன் பொந்தை அடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மகாராஜா சிங்கராயர் தன் குகை வாசலில், பிடரியெல்லாம் செம்மண்ணாக, மூச்சுவாங்க மண் தள்ளிக்கொண்டிருந்தார். சுற்றி நின்று வாழ்த்துப் பாட ஒருவரும் இல்லை. அவரவருக்கு அவரவர் குழி.

ஐப்பசியில் அடித்த மழை முந்தைய வருஷத்தைவிடப் பேய்மழை. காடு மேட்டில் பத்திரமாக இருந்தது. சில வளைகள் கோணல், சில ஒழுகின, பரமானந்தத்தின் குழியில் திரும்பிப் படுக்க இடமில்லை. ஆனால் ஆளுக்கு ஒன்று இருந்தது.

சீரங்காயி பொட்டுவைத் தூக்கிக்கொண்டு, சின்னானையும் கூட்டிக்கொண்டு, மழையில் நிதானமாக நடந்துபோய் ராஜாவின் குகையில் நுழைந்தாள். இருப்பதில் அதுதான் பெரியது, காய்ந்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மகாராஜா. முள்ளு குத்தும்."

சிங்கராயர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பொட்டு உதறிக்கொண்டு, பிடரிமயிர் கதகதப்பாக இருந்த இடமாகப் பார்த்துப் படுத்து, உடனே தூங்கிப்போனது. ஓர் இருமல் இல்லை. சீரங்காயி அதன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

வெகுநேரம் கழித்துச் சிங்கராயர் தன் தேய்ந்த நகங்களைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார். "ஏம்மா, அடுத்த வருஷமாவது நீ தோண்டுவே இல்ல?"

"எங்க மகாராஜா?" என்று சீரங்காயி பெருமூச்சு விட்டாள். "முன்ன மாதிரி கை வரமாட்டேங்குது. மணிக்கட்டுல ஒரே வலி."

அவள் மணிக்கட்டில் அன்றும் வலி இல்லை, என்றும் வலித்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் அந்தக் காடு தானே மண் தள்ளியது, ஒருவரும் வெள்ளத்தில் சாகவில்லை என்று சொல்கிறார்கள்.

நீதி: உழைத்து ஊரைக் கெடுக்காதே.